உடையாது என்று எழுதிய வரி

மழை பொய்யாதிருக்க, மலை வளம் சுரக்க, ஆறும் அரசும் தத்தம் கரைக்குள் நிற்க! குறும்பொறை நாடாளும் எழினிமாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் வெண்காடன் தன் கைப்பட எழுதிய திருமுகம் இது. நுரையாற்றின் கீழ்நாடு முழுவதையும் ஒரு குடை நிழலில் காப்பவரும், எண்பது ஊர்க்கு நெல்லளந்த செந்நெற்கோமானும், பகைவர் கண்டு நடுங்கும் வேழப்படை உடையவருமான நெடுவயல் நாட்டு மன்னர் வயவரையர் திருமுன் சென்று காண்க. தங்கள் கோட்டையும் கொடியும் வாழ்க. தங்கள் குடிமக்கள் அனைவரும் வாழ்க. தங்களுக்கு இன்னும் பதினேழு பட்டங்கள் உண்டு என்பதை வெண்காடன் அறியாதவன் அல்லன். பதினேழையும் எழுதி முடிப்பதற்குள் ஆறு இன்னும் ஒரு விரற்கடை ஏறிவிடும் என்பதால், அவற்றை விட்டமைக்கு மன்னர் பொறுத்தருள்க.

செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தலைநகரத் துறையில், ஆற்றின் நடுவே, யானை நின்றாற்போல ஒரு பாறை இருக்கிறது. ஆனைக்கல் என்பது அதன் பெயர். நேற்றுக் காலை நீர் அதன் நகத்தில் கிடந்தது. மாலையில் முழங்கால் ஏறியது. இன்று பொழுது விடிந்தபோது வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது. மேற்கு மலையில் மழை விட்டபாடில்லை. அக்கல்லின் கண்ணை நீர் தொட்டால், அன்றிலிருந்து மூன்றாம் நாள் தங்கள் நாட்டுப் புதிய பேரேரி கரைவழிய நிறையும். ஆறு வளைந்து வளைந்து வரும்; மலைமுதுகு வழியாக ஓடும் குதிரை ஒன்றரை நாளில் வந்துவிடும். ஆக இவ்வோலை நீரை முந்தி வந்து தங்கள் கையில் சேரும்போது, மன்னருக்கு ஒன்றரை நாள் மிச்சம் இருக்கும். அதற்குள், மிகுநீர் வழியும் மேற்குக் கலிங்கை அடைத்த கல்லை எடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குக் காரணம் சொல்லுவதே.

மூன்றாம் நாள் என்ற இந்தக் கணக்கைச் சொன்னவர், தற்போது தங்கள் சிறையில் கிடக்கும் எங்கள் நீர்த்தச்சர் சேந்தங்கூத்தன். பன்னிரண்டு மழைக்காலம் அவர் அத்துறையில் நனைந்துகொண்டு உட்கார்ந்து, இங்கே நீர் எங்கே நின்றால் கீழே எந்நாளில் எங்கே நிற்கும் என்று ஓடக்காரரையும் வண்ணாரையும் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்தார். அந்நாளில் அரண்மனை வாயிலில் நின்றவர்கள் அவரைப் பார்த்து, அரசியார் சோற்றை உண்டுவிட்டு ஆற்றை எண்ணுகிறான் என்று நகைத்ததுண்டு. நகைத்தவர்களில் வெண்காடனும் ஒருவன். ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஒருமுறை வெண்காடன் வீட்டுக் கதவு கிறீச்சிட்டது. தச்சர்தானே, வந்து இதைச் சரிசெய்து தரட்டும் என்று அவன் சேந்தங்கூத்தனுக்கு ஆள் விட்டான். அந்த மனிதர் வந்தார். கதவைத் தொடவில்லை. அரைநாள் வாசலில் குந்தி, கூரை மோட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, கதவில் குறையில்லை, சுவர் இறங்குகிறது, கீழே எங்கோ நீர் அரிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வேலைக்குச் சோம்பிய ஆள் சொல்லும் சாக்கு இது என்று வெண்காடன் தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்து, வேறொரு தச்சனை அழைத்துக் கதவை இழைத்துக்கொண்டான். அடுத்த ஐப்பசியில் சுவர் விழுந்தது. கதவு மட்டும் நன்றாக இருந்தது.

இத்தனைக்கும் பிறகும் அவனுக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் இவ்வோலையின் துயரம். ஈராண்டுக்கு முன், பேரேரி கட்டுவதற்கு உங்கள் நாட்டில் வல்லவர் ஒருவர் இருந்தால் அனுப்புக என்று மன்னர் எங்கள் அரசியாருக்குத் திருமுகம் விடுத்தீர்கள். அரசியார் சேந்தங்கூத்தனை அனுப்ப இசைந்தார். அறிமுக ஓலை எழுதும் பணி வெண்காடனுக்கு வந்தது. அவன் அதில், "மலை அசையினும் அசையும், இவர் வளைத்த கரை என்றும் உடையாது" என்று ஒரு வரி எழுதினான். எழுதிவிட்டு நான்கு பேருக்குப் படித்தும் காட்டினான். ஓசை அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது.

புறப்படும் காலையில் சேந்தங்கூத்தன் அந்த ஓலையைப் படித்துப் பார்த்து, இந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டும் என்று கேட்டார். உடையாத கரை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. நீர் மிஞ்சினால் எந்தக் கரையும் வழிவிடும். அது எங்கே வழிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் தன் தொழில். உடையாது என்று எழுதினால் நாளை அதையே கேட்பார்கள் என்று அவர் சொன்னார். வெண்காடனுக்குச் சுருக்கென்றது. தன் வரியில் ஒருவர் கைவைப்பதா! ஓலையில் எழுத்தாணி பட்டது பட்டதுதான், இனி அடித்தால் அரச முத்திரைக்கு இழுக்கு என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டான். முத்திரை அப்போது இடப்படவே இல்லை.

அவர் அங்கு வந்தபின் நடந்ததை மன்னர் அறிவீர்கள். ஆயினும் மன்னர் அறிந்தது தண்டநாயகர் ஆதனழிசியார் வாயிலாக அறிந்தது. குடிகள் கண்டதையும் ஒருமுறை கேட்டருள வேண்டும். தங்கள் பேரேரியின் கிழக்கு மடையைக் காக்கும் சடைச்சி என்பவள் நான்கு நாள் மலையேறி நடந்து, காலெல்லாம் புண்ணாக, நேற்று முன்தினம் எங்கள் அரண்மனைக்கு வந்து சேர்ந்தாள். தான் சொல்லுவதைத் தான் சொன்னபடியே எழுத வேண்டும், பெரியவர்கள் தமிழில் திருப்பி எழுதினால் தன் பேச்சு தனக்கே தெரியாமல் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். ஆகவே அவள் வாய்மொழி அவ்வாறே இங்கு வருகிறது:

"அந்த மனுசன் வந்து நாலு மாசம் ஒத்தக் கல்லத் தூக்கல சாமி. கரை போற வழியில காலங்காத்தால நடப்பாரு, நண்டு வளைய எண்ணுவாரு, எறும்பு எங்க மேட்டுக்கு ஏறுதுன்னு ஆடு மேய்க்கிறவங்கிட்டக் கேப்பாரு. சுரக்குடுக்கையில தண்ணிய ஊத்தி நூலப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. நாங்க சும்மா இருப்போமா? ஊரே சிரிச்சுது. ஒருத்தி தொட்டில் ஆட மாட்டேங்குதுன்னு கூப்புட்டா. ஒருத்தன் ஏத்தம் எறங்கலன்னு கூப்புட்டான். தண்டநாயகர் வூட்ல ஊஞ்சச் சங்கிலி அறுந்து போச்சுன்னு ஆள் வந்துது. அணை கட்ட வந்தவரு, மந்திரம் தெரியும், தண்ணியப் பாத்து நில்லுன்னா நிக்கும்னு ஒரு பேச்சு. எப்ப கெடா வெட்டிக் கரையில பொதைப்பீருன்னு ஒரு பேச்சு. அவரு ஒண்ணுக்கும் கோவிக்கல. எங்கிட்ட மட்டும், இந்தக் கெழக்கு மடையோரம் பழைய ஆத்துத் தடம் கெடக்குது சடைச்சி, மண்ணு இளசு, இங்க ஈரம் கண்டா என்னத் தேடி வான்னு சொல்லி வச்சாரு."

அவள் இவ்வளவு சொல்லி நிறுத்துகையில் அரசியார் தாமே எழுந்து வந்து அவளுக்கு மோர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்துத்தான் சேந்தங்கூத்தன் ஆட்களை இறக்கினாராம். அதன்பின் ஓராண்டில் கரை எழுந்துவிட்டது. மேற்குக் கோடியில் எண்பது கோல் நீளத்துக்கு மட்டும் கரையை இரண்டு முழம் தாழ்த்தி, பலகைக் கல் பரப்பி, மிகுந்த நீர் தானே வழிந்து பழைய ஓடையில் இறங்குமாறு கலிங்கு அமைத்தார். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்குக் கரையை அங்கே முடிக்காமல் விட்டதுபோல் இருந்தது. போதாக்குறைக்கு, அந்த ஓடை தண்டநாயகரின் குதிரை மேயும் புல்வெளி வழியாகப் போகிறது.

பிறகு வந்தது தங்கள் நாட்டுத் தலைமண் சத்தியம். கரை கட்டியவர் அக்கரையின் மண்ணில் ஒரு பிடியைத் தலையில் வைத்துக்கொண்டு, புது நீரில் முழங்காலளவு நின்று, இக்கரை உடையாது, உடைந்தால் இத்தலை உமது என்று மன்னர் முன் சொல்ல வேண்டும் என்பது நெடுவயல் வழக்கம். வழக்கத்தை வெண்காடன் குறை சொல்ல வரவில்லை. அன்று ஏழு நாட்டு விருந்தினர் கூடியிருக்க, சேந்தங்கூத்தன் தலையில் மண்ணோடு நீரில் நின்றார். நின்று, அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்றார். நீர் மிஞ்சினால் மேற்கே வழிந்து போக வழி விட்டிருக்கிறேன், அவ்வழி திறந்திருக்கும் மட்டும் கரை நிற்கும், அடைத்தால் கிழக்கே பழைய ஆற்றுத் தடத்தில் பிளக்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரியும், தெரியாததைத் தலையில் மண் வைத்துக்கொண்டு சொல்லலாகாது என்றார்.

கூட்டம் ஓவென்று கூவியதாம். ஆதனழிசியார் எங்கள் பழைய ஓலையை விரித்து, உங்கள் அரசியே உடையாது என்று எழுதியிருக்க நீ மறுக்கிறாய் என்றால், வேண்டுமென்றே கரையில் ஓட்டை விட்டிருக்கிறாய் என்று பொருள் என்று உரத்துப் படித்தாராம். மலை அசையினும் அசையும் என்று தொடங்கி அந்த வரியை ஏழு நாட்டார் முன்னிலையில் மும்முறை படித்தாராம்! இதைச் சடைச்சி சொன்னபோது வெண்காடன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டான். அன்றே சேந்தங்கூத்தன் சிறைக்குப் போனார். வரும் முழுநிலவு கழிந்த மறுநாள் வாளுக்கு என்று தீர்ப்பும் ஆயிற்று. தண்டநாயகர் மேற்குக் கலிங்கைக் கல்லும் களிமண்ணும் கொண்டு அடைத்து, கரையை ஒரே மட்டமாக்கி, பார்க்க அழகாகச் செய்துவிட்டார்.

வாளுக்கு விதிக்கப்பட்டவர் தம் அரசுக்கு ஒரே ஒரு நறுக்கோலை விடுக்கலாம் என்பதும் தங்கள் நாட்டு அறம். அவ்வறம் வாழ்க. அந்த நறுக்கில் சேந்தங்கூத்தன் உயிர்ப்பிச்சை கேட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுதியது இது: ஆனைக்கல்லில் நீர் எங்கே நிற்கிறது என்று தெரிவித்தருள்க. மேற்கே கல் விழும் ஓசை ஐந்து நாளாகக் கேட்கிறது. கலிங்கை அடைக்கிறார்களோ என்று அஞ்சுகிறேன். இச்சிறை கிழக்குக் கரையின் அடியில் தாழ்ந்து கிடக்கிறது. என்னோடு முப்பத்தொருவர் இருக்கிறார்கள். வாசல் உள்நோக்கித் திறப்பது, நீர் வந்தால் திறக்க முடியாது. அவ்வளவே. சாகப்போகிறவன் எவனாவது தண்ணீரைக் கேட்டு எழுதுவானா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று தங்கள் காவலர் ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டு, தீயில் காட்டியும் மஞ்சள் பூசியும் சோதித்தார்களாம். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கொண்டுபோக ஆளில்லாமல் வாசலில் கிடந்ததைச் சடைச்சி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். ஏன் நடந்தாள் என்பதை அவளே சொன்னாள்:

"அடச்ச மூணாம் நாளு எங்க அடுப்பாங்கரையில ஈரம் ஊறுது சாமி. மழையே இல்ல. சாம்பல்ல கை வச்சா சில்லுன்னு இருக்குது. அவரு சொன்ன அதே எடம். ஈரம் கண்டா என்னத் தேடி வான்னாரு, சிறைக்குப் போனேன், வுடல. அவரத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்னு வச்சுக்குங்க. கீழ பன்னெண்டு சேரி இருக்குது. எம் மவ நெறமாசமா இருக்கா."

இவ்விடத்தில் வெண்காடன் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. துறைக்காவலன் ஓடிவந்தான். நீர் ஆனைக்கல்லின் தந்தத்தைத் தொட்டுவிட்டதாம். விடிந்தபோது வயிறு, இப்போது உச்சிப்பொழுதுக்குள் தந்தம். முழு நாளில் ஏற வேண்டிய நீர் அரை நாளில் ஏறியிருக்கிறது. வெண்காடன் ஓலைக்கட்டை நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு தானே துறைக்குப் போய் நின்று பார்த்தான். ஐம்பத்தாறு வயதில் முதன்முறையாக, எழுதுவதற்கு அன்றி, தெரிந்துகொள்வதற்காக ஆற்றைப் பார்த்தான். சேற்று நீரில் ஒரு வைக்கோற்போர் முழுதாக மிதந்து போயிற்று. இதே இடத்தில் பன்னிரண்டு ஆண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தாரே, அவருக்கு ஒரு குடை கொடுக்கவும் தோன்றவில்லையே என்று எண்ணி அவன் அங்கேயே அழுதான். இனி மீதியைத் துறையிலிருந்தே எழுதுகிறான். எழுத்துக் கோணினால் மன்னர் பொறுக்க.

அரசியாரிடம் அவன் நேற்றே தன் பிழையைச் சொன்னான். அன்று அந்த வரியை அடிக்க மறுத்த கதையையும், முத்திரை பற்றிச் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னான். அரசியார் அந்த வரியை அவன் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, உமது அழகான வரி ஒரு நல்ல மனிதரின் கழுத்தில் சுருக்காகக் கிடக்கிறது, எழுதிய கையாலேயே அதைப் போய் அவிழ்த்து வாரும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆதலால் மன்னர் வயவரையர் திருவுளம் கொள்ள வேண்டுவது யாதெனில், நீர்த்தச்சர் என்பவர் கல் சுமப்பவர் என்றும், மந்திரத்தால் ஆற்றைக் கட்டுபவர் என்றும், ஒருபோதும் கெடாத பொருளைச் செய்து தருபவர் என்றும் இரு நாட்டாரும் நினைத்தோம். அவர் செய்வதோ வேறு. எது கெடும், எப்போது கெடும், கெடும்போது யார் அங்கே இருப்பார்கள் என்று இரவும் பகலும் கவலைப்படுவதே அவர் தொழில். தம் உயிர் போகும் நேரத்திலும் சிறைவாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தவர் அவர். அதைப் போய்த் துரோகம் என்றோமே!

தங்கள் நாட்டு வழக்கின்படியே ஒன்று கேட்கிறோம். உடையாது என்று சொன்னவன் தலையே பிணை. சேந்தங்கூத்தன் அச்சொல்லைச் சொல்லவில்லை, கேட்டும் மறுத்தார், ஏழு நாட்டார் சாட்சி. சொன்னவன் வெண்காடன். எழுத்து அவனுடையது, கை அவனுடையது, ஆகையால் தலையும் அவனுடையதே. அவன் குதிரை ஏறி அறியாதவன். ஆயினும் இவ்வோலையைக் கொண்டுவரும் குதிரையின் முதுகில் அவனையே கட்டி அனுப்புவதாக அரசியார் ஆணை. அவன் கிழக்கு மடையில், சடைச்சியின் அடுப்பாங்கரையில், ஏரி நிறைந்து வடியும் வரை உட்கார்ந்திருப்பான். கலிங்கு திறந்தும் கரை பிளந்தால் நீரே அவனைக் கொண்டுபோகும். நின்றால், அவனை என்ன செய்வதென்று மன்னர் பிறகு சொல்லலாம்.

குறும்பொறை அரசியாரின் வேண்டுகோளும், ஆற்றின் மேல்நாட்டார் என்ற உரிமையில் ஆணையும் ஆவன: இவ்வோலை கண்ட நாழிகையிலேயே மேற்குக் கலிங்கின் கல்லை எடுக்க. தண்டநாயகரின் புல்வெளி நனைந்தால் நனைக. குதிரைகளுக்கு எங்கள் மலைச்சாரலில் புல் தருவோம். கிழக்குக் கரை அடியில் உள்ள பன்னிரண்டு சேரியாரையும் சிறையில் உள்ள முப்பத்திருவரையும் மேட்டுக்கு ஏற்றுக. நிறைசூலியை முதலில் ஏற்றுக. சேந்தங்கூத்தனைக் கரைமேல் நிறுத்தி, அவர் சொல்லுவதைக் கேட்க. எங்கள் பழைய ஓலை தங்கள் களஞ்சியத்தில் இருக்கும். அதை எடுத்து, இத்துடன் வரும் எழுத்தாணியால் அந்த ஒரு வரியை அடித்துவிடுக. இது எழினிமாதேவியார் முத்திரை; மெழுகு ஈரக்காற்றில் சரியாக உறையவில்லை, பொய் என்று எண்ணற்க.

மேற்படி முத்திரைக்குக் கீழே, சிறையிலிருப்பவர் கேட்ட கேள்விக்கு விடை ஒன்று சேர்க்கப்படுகிறது. மன்னர் கல்லெடுக்க ஆள் விட்ட கையோடு இதை அவரிடம் கொடுத்தனுப்புக.

சேந்தங்கூத்தரே, ஆனைக்கல்லின் கண்ணை நீர் தொட்டுவிட்டது.